அவ லோனை யார் கட்டுவாங்க?

ஒரு கேள்வி. ஒரு பொண்ணு கல்விக்கடன் வாங்கி இன்ஜினியரிங் படிக்கிறா. லோன் பேப்பர்ல அவ கையெழுத்துக்குப் பக்கத்துலயே அவ அப்பா கையெழுத்தும் இருக்கு. படிச்சு முடிச்சு வேலைக்குப் போறா. ரெண்டு வருஷத்துல கல்யாணம். லோன் முடிய இன்னும் ஆறு வருஷம் இருக்கு. இப்போ மாசா மாசம் அந்த இ.எம்.ஐ.-யை யார் கட்டணும்?

இதைத் தெரிஞ்சவங்க கிட்ட எல்லாம் கேட்டுப் பார்த்தேன். நாலு விதமான பதில் வந்துச்சு. "அவ படிப்பு, அவ தான் கட்டணும்." "அப்பா தானே படிக்க வச்சார், அவர் பார்த்துக்குவார்." "புருஷன் பொண்டாட்டி சேர்ந்து கட்டணும்." நாலாவது பதில் தான் அதிகமா வந்துச்சு: "கல்யாணத்துக்கு முன்னாடியே அடைச்சிடணும்பா, இல்லன்னா நல்ல இடம் வராது."

அப்புறம் அதே கேள்வியில 'பொண்ணு'ங்கிற இடத்துல 'பையன்'னு மாத்திக் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில். "அவன் தான் கட்டுவான், இதுல கேக்க என்ன இருக்கு?"

இந்த வித்தியாசம் தான் என்னை எழுத வச்சது. நான் சொல்ல வர்றது இது தான்: கல்யாணம் பண்ணிக்கப் போற ரெண்டு பேரும், நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடியே, தங்களோட கடனையும் சேமிப்பையும் ஒருத்தருக்கொருத்தர் முழுசா காட்டிடணும். முக்கியமா, பொண்ணோட கல்விக்கடன் எந்தப் பணத்துல இருந்து, எத்தனை வருஷம் போகப் போகுதுங்கிறதை அப்பவே பேசி முடிக்கணும். லவ் மேரேஜா இருந்தாலும் சரி, வீட்டுல பார்த்து வைக்கிறதா இருந்தாலும் சரி.

முதல்ல கணக்கைப் பார்ப்போம்

"நாலு லட்சம் லோன், வேலை கிடைச்சா அடைச்சிடலாம்"னு நம்மள்ல பல பேர் நினைச்சிட்டு இருக்கோம். ஆனா நாலு லட்சம் வாங்கினா நாலு லட்சத்துல இருந்து கட்ட ஆரம்பிக்க மாட்டோம். படிக்கிற காலமும், அதுக்கப்புறம் ஒரு வருஷமும் இ.எம்.ஐ. கட்ட வேண்டாம்னு பேங்க் விடும். கட்ட வேண்டாம்னு தான் விடும், வட்டி போடறதை விடாது. அந்தக் காலத்துக்கு சிம்பிள் இன்ட்ரஸ்ட் ஏறிட்டே இருக்கும்.

ஒரு உதாரணம். வருஷத்துக்கு ஒரு லட்சம்னு நாலு வருஷம் வாங்குறோம், வட்டி 10 சதவீதம்னு வச்சுக்குவோம். முதல் வருஷம் வாங்கின ஒரு லட்சத்துக்கு அஞ்சு வருஷ வட்டி, ரெண்டாவதுக்கு நாலு வருஷம், மூணாவதுக்கு மூணு, கடைசி லட்சத்துக்கு ரெண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய் வட்டி. அதாவது முதல் இ.எம்.ஐ. கட்டுற அன்னைக்கு நம்ம கடன் 5,40,000 ரூபாய். இதை ஏழு வருஷத்துல அடைக்கணும்னா மாசம் கிட்டத்தட்ட 8,965 ரூபாய். வருஷம் கூட கூட மாசத் தொகை குறையும், ஆனா மொத்த வட்டி ஏறும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து இந்தக் கால வட்டிக்கு அரசு மானியம் கிடைக்கிறவங்களும் இருக்காங்க. உங்களுக்கு உண்டா இல்லையான்னு பேங்க்ல கேட்டு வச்சுக்கோங்க.

22 வயசுல வேலைக்குச் சேர்ந்து, ஒரு வருஷம் கழிச்சு கட்ட ஆரம்பிச்சா, லோன் முடியும்போது வயசு 30. நம்ம ஊர்ல பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது சரியா இந்த நடுவுல தான் வரும். அதனால "கல்யாணத்துக்கு முன்னாடி அடைச்சிடணும்"ங்கிறது கேட்க நல்லா இருக்கு. புது வேலைச் சம்பளத்துல அது நடக்கணும்னா ஒண்ணு அப்பா வேற கடன் வாங்கி இந்தக் கடனை அடைக்கணும், இல்லன்னா அம்மா நகை அடகுக்குப் போகணும். கடன் அப்போவும் தீராது. பேங்க்ல இருந்து வீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவு தான்.

பையன் கட்டினா பொறுப்பு, பொண்ணு கட்டினா பாரமா?

ஒரு பையன் சம்பளம் வாங்கின உடனே லோன் கட்டி, மீதியில வீட்டுக்கும் அனுப்பினா "பொறுப்பான பையன்"ங்கிறோம். பொண்ணு பார்க்கப் போற இடத்துல அது அவனுக்கு நல்ல பேர். அதே மாதிரி ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் மாசம் ஒன்பதாயிரம் லோனுக்கும், நாலாயிரம் அம்மா அப்பாவுக்கும் அனுப்பினா, "சம்பாதிக்கிறதை எல்லாம் பொறந்த வீட்டுக்கே கொட்டுறா"ன்னு பேச்சு வரும். தொகையும் அதே தான், காரணமும் அதே தான். பேர் மட்டும் மாறிடுது.

இதுல இன்னொரு விஷயம். வரன் பார்க்கும்போது "பொண்ணு பி.இ., ஐ.டி.-ல வேலை, இவ்வளவு சம்பளம்"னு பயோடேட்டால முதல் வரியிலேயே போடுறாங்க. அந்தச் சம்பளம் வேணும். அந்தச் சம்பளத்தை வாங்கிக் கொடுத்த படிப்பு வேணும். அந்தப் படிப்புக்கு வாங்கின கடன் மட்டும் பொண்ணோட அப்பாவோட இருந்துடணும். இது எந்த ஊர் நியாயம்?

லோன்ல கையெழுத்துப் போட்ட அப்பாவை நினைச்சுப் பாருங்க. அவர் வெறும் சாட்சி கிடையாது, கூட்டுக் கடன்தாரர். பொண்ணு கட்டலைன்னா பேங்க் அவரைத் தான் கூப்பிடும். தவணை தவறினா பொண்ணோட கிரெடிட் ஸ்கோரோட சேர்த்து அவரோட ஸ்கோரும் விழும். அடுத்து தம்பி படிப்புக்கு அவர் லோன் கேட்டுப் போனா, அக்கா லோன் குறுக்க நிக்கும். ஒரு கல்யாணத்துல பேசாம விட்ட விஷயம் இன்னொருத்தர் படிப்பு வரைக்கும் போகும்.

சட்டம் எங்க நிக்குது?

கல்யாணம் ஆயிடுச்சுங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தரோட பழைய கடன் இன்னொருத்தர் தலையில வராது. கூட்டுக் கடன்தாரராவோ ஜாமீனாவோ கையெழுத்துப் போட்டா தான் வரும். அதனால "அவளைக் கட்டிக்கிட்டா அவ கடனும் நமக்கு வந்துடும்"னு பையன் வீட்டுல பயப்பட ஒண்ணும் இல்லை. கடன் அவ பேர்ல தான் இருக்கும். அவ சம்பளத்துல இருந்து தான் போகும். அந்தச் சம்பளத்தை அவ அப்படிச் செலவு பண்ண விடுறீங்களா இல்லையாங்கிறது தான் கேள்வி.

பெத்தவங்களைப் பார்த்துக்கிற கடமையும் பையனுக்கு மட்டும் எழுதி வச்சது கிடையாது. 1956-ல வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் மகன், மகள்னு ரெண்டு பேரையும் சொல்லுது. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அப்படியே. 1987-ல உச்ச நீதிமன்றத்துல ஒரு வழக்கு. டாக்டரா இருந்த, கல்யாணமான ஒரு மகள் கிட்ட அப்பா ஜீவனாம்சம் கேட்டார். கல்யாணம் ஆனதால மகளோட கடமை போயிடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. 1989-லயே தமிழ்நாட்டுல குடும்பச் சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு சட்டத் திருத்தம் வந்தது, 2005-ல அது நாடு முழுக்க வந்தது. சொத்துல பங்கு உண்டுன்னா பொறுப்புலயும் பங்கு உண்டு. அந்தப் பொறுப்பைச் செய்ய அவளை விடணும்.

"பணத்தைப் பத்திப் பேசினா உறவு கெட்டுடும்"

இப்படிச் சொல்றவங்களை நான் கிண்டல் பண்ணல. அவங்க பயம் எனக்குப் புரியுது. லோன் இருக்குன்னு முதல் சந்திப்புலயே சொன்னா, அந்த வரன் அடுத்த வாரம் போன் எடுக்காம போகலாம். "பொண்ணு இப்பவே கணக்குப் பேசுது"ன்னு பேர் வரலாம். லவ் பண்றவங்களுக்கு வேற சங்கடம். இத்தனை வருஷம் டீக்கடையில யார் காசு கொடுத்தாங்கன்னு பார்க்காதவங்க, திடீர்னு சம்பள ஸ்லிப் கேட்டா அசிங்கமா இருக்கும்.

ஆனா ஒரு விஷயம் யோசிங்க. கடனைக் கேட்டதும் ஓடிப்போற வீடு, கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணும்? ஓட முடியாது. அதனால குத்திக் காட்டும். தினமும் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி அந்தப் பேச்சு வரும். ஒரு வரன் கலையறதை விட அது ரொம்பப் பெரிய விலை.

அதோட நம்ம ஊர்க் கல்யாணத்துல பணம் பேசறதே இல்லைன்னு சொல்றது சுத்தப் பொய். எத்தனை பவுன், எந்த மண்டபம், சாப்பாடு எத்தனை பேருக்கு, சீர் என்னன்னு பெரியவங்க மணிக்கணக்கா பேசுறாங்க. வரதட்சணை கொடுக்கிறதும் வாங்குறதும் 1961-லயே குற்றம்னு சட்டம் வந்தும் அந்தப் பேச்சு நிக்கலை. அதுல வாழப் போற ரெண்டு பேர் மட்டும் தான் வாயைத் திறக்கிறதில்லை. அதனால பணப் பேச்சு புதுசா வரப் போறதில்லை. யார் பேசணுமோ அவங்க பேசட்டும்னு தான் சொல்றேன்.

என்னென்ன சொல்லணும்?

கடன்னா பேங்க் லோன் மட்டும் தான்னு நினைச்சிடாதீங்க. கல்விக்கடன், பைக் இ.எம்.ஐ., போன் இ.எம்.ஐ., கிரெடிட் கார்டு பாக்கி, தங்கச்சி கல்யாணத்துக்காக எடுத்த பர்சனல் லோன், அடகுல இருக்கிற நகை, எடுத்துட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டிய பாக்கித் தவணை, மாமா கிட்ட கைமாத்தா வாங்கினது, யாருக்காவது போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாமே கணக்குல வரணும். ஜாமீனை நிறைய பேர் மறந்துடுறாங்க. நண்பனுக்காகப் போட்ட கையெழுத்து, அவன் கட்டாத அன்னைக்கு நம்ம கடன்.

ஒவ்வொண்ணுக்கும் மூணு நம்பர் போதும்: பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போ முடியும். ஒரு ஏ4 பேப்பர்ல ரெண்டு பக்கம். ஒரு பக்கம் கடன். இன்னொரு பக்கம் சேமிப்பு: பி.எஃப்., ஆர்.டி., சிட்டு, கையில இருக்கிற பணம். வீட்டுக்கு மாசம் அனுப்புறது எவ்வளவு, எத்தனை வருஷம் அனுப்பப் போறோங்கிறதும் அதே பேப்பர்ல வரணும். சம்பளத்தைச் சொல்லும்போது ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சி.டி.சி.-யைச் சொல்லாதீங்க. பி.எஃப். எல்லாம் பிடிச்சது போக அக்கவுன்ட்ல விழற தொகையைச் சொல்லுங்க.

பேப்பரைப் பார்த்ததும் எதை முதல்ல அடைக்கணும்னு தானா தெரியும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு வட்டி மாசத்துக்கே மூணு சதவீதத்துக்கு மேல போகும். வருஷத்துக்கு 36-ஐத் தாண்டும். அதை வச்சுக்கிட்டு, 'கல்யாணத்துக்குச் சேர்க்கிறேன்'னு ஏழு சதவீத எஃப்.டி.-ல பணம் போடறது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற கதை. முதல்ல கார்டு, அப்புறம் பர்சனல் லோன். கல்விக்கடன் பொறுமையா போகலாம், தவணை மட்டும் தவறக் கூடாது.

பாதிக்குப் பாதி நியாயமா?

நம்ம செட்டுல பல பேர் சொல்றது: "நாங்க ஃபிஃப்டி ஃபிஃப்டி." சமத்துவம் மாதிரி தெரியுது. கணக்குப் போட்டா அப்படி இல்லை.

அவளுக்குக் கைக்கு வர்றது 30,000. அவனுக்கு 40,000. அவ லோனுக்கு 9,000, அம்மா அப்பாவுக்கு 4,000. மிச்சம் 17,000. அவன் பைக் இ.எம்.ஐ.-க்கு 5,000, வீட்டுக்கு 8,000. மிச்சம் 27,000. வாடகை, மளிகை, கரண்ட், பஸ் எல்லாம் சேர்த்து குடும்பச் செலவு 28,000, பொதுச் சேமிப்பு 7,000.

பாதிப் பாதின்னா ஆளுக்கு 17,500. அவளுக்கு 500 ரூபாய் துண்டு விழும். அவன் கையில 9,500 மிஞ்சும். அடுத்த மாசம் அவ செருப்பு வாங்கணும்னாலும் அவன் கிட்ட கேட்கணும். சம்பாதிக்கிற பொண்ணு கை ஏந்துற இடம் இது தான்.

அதுக்குப் பதிலா சம்பள விகிதத்துல, அதாவது மூணுக்கு நாலுன்னு பிரிச்சா, குடும்பச் செலவுக்கு அவ 12,000, அவன் 16,000. சேமிப்புக்கு அவ 3,000, அவன் 4,000. இப்போ அவ கையில 2,000, அவன் கையில 7,000. இன்னும் சமம் இல்லை தான், ஆனா யாருக்கும் துண்டு விழலை. இதுல முக்கியமான விஷயம் எது முதல்ல கழியுதுங்கிறது. ரெண்டு பேரோட பழைய கடனும், ரெண்டு பெத்தவங்களுக்குப் போறதும் முதல்ல கழியுது. அதுக்கப்புறம் தான் மத்தது. அவளோட லோன் இங்க வாடகை மாதிரி ஒரு வரி. மாசா மாசம் விவாதம் பண்ற விஷயமா அது இருக்கக் கூடாது.

சின்னத் தகவல்: பழைய வருமான வரி முறையில இருக்கிறவங்களுக்கு கல்விக்கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வரிக்கழிவு உண்டு. லோன் யார் பேர்லயோ அவங்க வருமானத்துல இருந்து கட்டினா தான் கிடைக்கும். புது முறையில இது கிடையாது. அதனால லோன் அவ அக்கவுன்ட்ல இருந்தே போறது எல்லா வகையிலயும் நல்லது.

நகை, மொய், மண்டபம்

ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குற முதல் கடன் பெரும்பாலும் வீட்டுக்கடன் கிடையாது, கல்யாணம். கையெழுத்து மட்டும் அப்பாக்களோடது. அதனால பட்ஜெட் பேசும்போது ரெண்டு பேரும் பக்கத்துல உட்காரணும். அஞ்சு லட்சம் கல்விக்கடன் பாக்கி இருக்கும்போது, எட்டு லட்சம் கடன் வாங்கி ரிசப்ஷன் வைக்கிறது யாருக்காகன்னு கேட்கணும்.

"மொய் வரும், அடைச்சிடலாம்"னு சொல்லுவாங்க. மொய் வருமானம் இல்லை மக்களே. அது வட்டியில்லாக் கடன். நோட்டுல பேர் எழுதி வாங்குறது எதுக்கு? அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யறதுக்குத் தான். அந்த நோட்டை வச்சுக்கிட்டு அடுத்த பத்து இருபது வருஷம் செய்யப் போறது நம்ம பெத்தவங்க, அப்புறம் நாம.

நகை விஷயத்துல தெளிவா இருக்கணும். பொண்ணுக்குப் போடுற நகை அவளோட சொத்து. புருஷன் வீட்டுல வச்சிருந்தாலும் அவளோடது தான்னு 1985-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடனை அடைக்க அதை அடகு வைக்கிறதா வேண்டாமாங்கிறது அவ முடிவு. "நம்ம நகை தானே"ன்னு வீட்டுல யாராவது முடிவு எடுக்க முடியாது.

முன்னாடியே செய்யக் கூடாதது

எல்லாத்தையும் காட்டணும்னு சொன்னேன். எல்லாத்தையும் சேர்த்துடணும்னு சொல்லலை. கல்யாணத்துக்கு முன்னாடி ஒருத்தர் லோன்ல இன்னொருத்தர் கையெழுத்துப் போட வேண்டாம். என் பேர்ல உனக்கு பைக், உன் கார்டுல எனக்கு லேப்டாப் வேண்டாம். ரெண்டு பேரும் சேர்ந்து சேமிக்கணும்னா, அவங்கவங்க பேர்ல தனித்தனி ஆர்.டி. போடுங்க, இலக்கு மட்டும் ஒண்ணா இருக்கட்டும். ஏதோ காரணத்துல பிரிஞ்சா, மனசு வலிக்கிறதோட நிக்கணும். பேங்க்ல இருந்தும் போன் வரக் கூடாது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஜாயின்ட் அக்கவுன்ட் குடும்பச் செலவுக்கு மட்டும் ஒண்ணு இருந்தா போதும். சம்பளம் அவங்கவங்க அக்கவுன்ட்லயே விழட்டும். ஏ.டி.எம். கார்டும் பாஸ்வேர்டும் அவங்கவங்க கிட்ட இருக்கட்டும். பி.எஃப். நாமினியை மாத்த மறக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணத்துக்கு அப்புறம் செல்லாது.

இதெல்லாம் படிச்சிட்டு "இன்னும் கன்வொகேஷனே முடியலை, இப்பவே கல்யாணக் கணக்கா?"ன்னு கேட்பீங்க. லோன் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்க்க கன்வொகேஷன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு பாக்கி எவ்வளவுன்னு நமக்கே தெரியலைன்னா நாளைக்கு இன்னொருத்தருக்கு என்ன சொல்லுவோம்?

பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்களுக்கு வரப் போற பொண்ணு லோன் இருக்குன்னு சொன்னா, அவ உங்களை நம்புறான்னு அர்த்தம். "நானும் கட்டிட்டு இருக்கேன், சேர்ந்து பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டு, அதே வார்த்தையை உங்க வீட்டுப் பெரியவங்க முன்னாடியும் சொல்லுங்க. அவ கிட்ட தனியா சொல்றது சுலபம், அம்மா முன்னாடி சொல்றது தான் கஷ்டம்.

பொண்ணுங்களுக்கு: நம்மளைப் படிக்க வைக்கிறதுக்காக வீட்டுல ஒருத்தர் பேங்க் மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கார். கல்யாணம் ஆனாலும் அந்த லோன்ல அவர் பேரும் நம்ம பேரும் அப்படியே தான் இருக்கும். நிச்சயத்துக்கு முன்னாடி பேச வேண்டிய லிஸ்ட்ல அதை முதல்ல எழுதுங்க. கூச்சப்படுற மாதிரி அதுல ஒண்ணும் இல்லை.